குழந்தைகளுக்கு ஷூமானை அறிமுகப்படுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சில பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித் தருகிறேன். வகுப்பு முடிந்து பிள்ளையை அழைத்துப்போக வரும் அம்மா அப்பாக்கள் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாமே ராபர்ட் ஷூமான் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளரைப் பற்றியவை. 1810-இல் ட்ஸ்விக்காவ் என்ற ஊரில் ஒரு புத்தகக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, 1856-இல் தன் 46-ஆம் வயதில் இறந்துபோனவர். என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில் அவரைத்தான் அறிமுகம் செய்கிறேன்.

மோசார்ட், பீத்தோவன், ஷோபேன் எல்லாம் இருக்கும்போது ஏன் ஷூமான்?

அவர் குழந்தைகளை நினைத்து எழுதினார், அதுவும் சின்னச் சின்னதாக எழுதினார். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், சிலது அரை நிமிடத்திலேயே முடிந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளையை உட்காரவைத்து இருபது நிமிட சொனாட்டா ஒன்றைப் போட்டுக் காட்டினால் அது ஜன்னலைப் பார்க்கும், பார்ப்பதில் தப்பும் இல்லை. ஒரு நிமிடப் பாடலை எந்தக் குழந்தையும் கேட்டுவிடும், பிடித்துவிட்டால் அதுவே மறுபடி போடச் சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. 1848 செப்டம்பர் 1-ஆம் தேதி அவருடைய மூத்த மகள் மரீக்கு ஏழாவது பிறந்தநாள். அப்போது குடும்பம் டிரெஸ்டனில் இருந்தது. பியானோ வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பாடங்கள் எல்லாம் மோசமாக இருக்கின்றன என்று வீட்டில் ஒரு குறை. அதனால் அப்பாவே சில பாடல்களை எழுதி மகளுக்குப் பரிசாகக் கொடுத்தார். அதோடு நிறுத்த முடியவில்லை, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன, கடைசியில் 43 பாடல்கள் கொண்ட புத்தகமாயிற்று. அதுதான் 'இளையோர் ஆல்பம்', அவருடைய 68-ஆம் படைப்பு. "இது உன்னை மாதிரி ஒரு பொண்ணோட பிறந்தநாளுக்கு அவங்க அப்பா எழுதினது" என்று நான் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

எந்த வயதில் தொடங்கலாம்?

கேட்பதற்கு வயது கிடையாது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் போடலாம். கேட்டதைப் பற்றிப் பேச நாலு, நாலரை வயது ஆகவேண்டும். வாசிப்பது வேறு விஷயம், அதற்குக் கீழே வருகிறேன்.

முதலில் எதைப் போட்டுக் காட்டுவது?

'முரட்டுக் குதிரைக்காரன்'. இளையோர் ஆல்பத்தில் எட்டாவது பாடல். ஒரு நிமிடம்கூட இல்லை. ஆறு-எட்டுத் தாளம், நம் காதுக்குச் சொன்னால் தகிட தகிட என்று ஓடுகிற திஸ்ர நடை. முதலில் வலது கை துள்ளும், நடுவில் மெட்டு இடது கைக்குப் போய் மேஜர் ஸ்கேலில் சற்றே வெளிச்சமாகும், பிறகு பழைய மெட்டே வலது கையில் திரும்பி வரும்.

ஆனால் தலைப்பைச் சொல்லாதீர்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் எனக்குப் போதும். முதலில் போடுங்கள், குழந்தை கேட்கட்டும், முடிந்ததும் "என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு பையன் "நாய் துரத்துது" என்றான். ஒரு பெண் "அம்மா ஆபீசுக்கு லேட்டு" என்றாள். இரண்டும் சரியான பதில்கள்தான், ஏனென்றால் இரண்டு பேரும் வேகத்தைக் கேட்டிருக்கிறார்கள், அதிலிருக்கும் ஒரு பதற்றத்தையும் கேட்டிருக்கிறார்கள். அப்புறம் மறுபடி போட்டு, "அந்த நாய் எந்த இடத்துல நிக்குது?" என்று கேட்டால் குழந்தை தானாகவே நடுப்பகுதியைக் கண்டுபிடித்துவிடும். இசை வடிவம் என்ற பாடத்தை நீங்கள் ஆரம்பித்துவிட்டீர்கள், அந்தப் பெயரைச் சொல்லாமலேயே.

தலைப்பை முதலிலேயே சொல்லிவிட்டால் குழந்தைக்குக் குதிரை மட்டும்தான் கேட்கும். ஷூமானுமே அப்படித்தான் வேலை செய்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இசையை முதலில் எழுதினார், தலைப்புகள் பின்னால் வந்தன, எப்படி வாசிக்கவேண்டும் என்பதற்கு ஒரு மெல்லிய குறிப்பு மட்டுமே அவை என்று 'குழந்தைப் பருவக் காட்சிகள்' தொகுப்பைப் பற்றி அவரே விளக்கியிருக்கிறார். முன்னால் ஒரு குழந்தையை நிறுத்திவைத்து அதைப் பார்த்து எழுதினார் என்று ஒரு விமர்சகர் நினைத்துக்கொண்டது அவருக்குக் கோபத்தையே உண்டாக்கியது.

'குழந்தைப் பருவக் காட்சிகள்', 'இளையோர் ஆல்பம்' இரண்டும் ஒன்றா?

இல்லை. கடையில் மாற்றி வாங்கிவிட்டு வருபவர்கள் நிறைய. 'குழந்தைப் பருவக் காட்சிகள்' (ஜெர்மனில் கிண்டர்ஸீனன், படைப்பு எண் 15) 1838-இல் எழுதியது. 13 பாடல்கள், முழுவதும் கேட்க இருபது நிமிடத்துக்குள் ஆகும். அப்போது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. வளர்ந்த ஒருவர் தன் சின்ன வயதைத் திரும்பிப் பார்ப்பது அது, பெரியவர்கள் வாசிப்பதற்கானது. 'இளையோர் ஆல்பம்' பத்து வருடம் கழித்து, பிள்ளைகள் வாசிக்கவென்றே எழுதியது. இந்த வித்தியாசத்தை ஷூமானே ஒரு கடிதத்தில் பிரித்துச் சொல்லியிருக்கிறார்.

சுருக்கமாக, முதலாவது கேட்க, இரண்டாவது வாசிக்க. 'காட்சிகள்' எளிதாகத் தோன்றும், ஏனென்றால் தாளில் நோட்டுகள் குறைவு. நான் முப்பது வருடமாக வாசிக்கிறேன், இன்னும் அதன் கடைசிப் பாடலான 'கவிஞர் பேசுகிறார்' என் கையில் சரியாக வந்து உட்கார்ந்ததாகச் சொல்ல மாட்டேன்.

அந்த 13 பாடல்களில் குழந்தைகளுக்கு எவை பிடிக்கும்?

'ஓடிப்பிடித்து' (மூன்றாவது) உடனே பிடிக்கும். அரை நிமிட ஓட்டம். 'குச்சிக் குதிரை வீரன்' (ஒன்பது) பிடிக்கும். 'பயமுறுத்தல்' (பதினொன்று) கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு, அதாவது பூச்சாண்டிக்குப் பயப்படுவது நின்று, பூச்சாண்டி காட்டுவது தொடங்கிய வயதுக்கு. மெதுவாக, அமைதியாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று எதுவோ குறுக்கே ஓடும், மறுபடி ஒன்றுமே நடக்காதது போல அமைதி.

நான் அதிக நேரம் செலவிடுவது நாலாவது பாடலில். 'கெஞ்சும் குழந்தை'. ஒரு நிமிடம்தான். அதே சின்ன வேண்டுகோள் திரும்பத் திரும்ப வரும், கொஞ்சம் சத்தமாக, கொஞ்சம் மெதுவாக. முடியும் இடத்தில் அது முடியாது. வீட்டுக்குத் திரும்பவேண்டிய கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) வராமல், அதற்கு முந்தைய கார்டிலேயே, கேள்வி கேட்டபடி நின்றுவிடும். போட்டுவிட்டு, "முடிஞ்சுதா?" என்று கேளுங்கள். எந்தப் பயிற்சியும் இல்லாத ஐந்து வயதுக் குழந்தைகூட "இல்ல, இன்னும் இருக்கு" என்று சொல்லும். எதைக் கேட்டுக் கெஞ்சியது, கிடைத்ததா என்று பேச்சு போகும். அதன்பின் ஐந்தாவது பாடலான 'போதுமான சந்தோஷம்' வந்ததும் "கிடைச்சிடுச்சு!" என்று கத்துவார்கள்.

தூங்கும் நேரத்துக்குப் பன்னிரண்டாவது, 'தூங்கப்போகும் குழந்தை'. இதுவும் சொந்தச் சுருதிக்குத் திரும்பி வராமல் வேறொரு கார்டில் முடியும், பாதி வாக்கியத்தில் கண் மூடிவிட்ட மாதிரி. எல்லாரும் கேட்டிருக்கக்கூடிய 'டிராய்மெராய்', அதாவது 'கனவு', ஏழாவது, சரியாகத் தொகுப்பின் நடுவில் இருக்கிறது. அதை அவசரப்பட்டுக் காட்டவேண்டாம். மெதுவான இசையில் காது நிற்க இன்னும் கொஞ்சம் நாள் ஆகட்டும்.

ரொமாண்டிக் இசையமைப்பாளர் என்கிறார்களே, காதல் பாட்டா? குழந்தைக்குக் கேட்கத் தருவது சரியா?

இந்தக் கேள்வியை நிஜமாகவே பலர் கேட்டிருக்கிறார்கள், கேட்கவேண்டிய கேள்விதான். அது ஒரு காலத்தின் பெயர், ஏறத்தாழ 19-ஆம் நூற்றாண்டு. கதை, கவிதை, இயற்கை, கனவு, மனசுக்குள் நடக்கிற மாற்றங்கள் இவையெல்லாம் இசைக்குள் வெளிப்படையாக வந்த காலம். ஷூமான் அப்பாவின் கடையில் புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்தவர், எழுத்தாளராக ஆவதா இசைக்குப் போவதா என்றே ஒரு காலத்தில் தடுமாறியவர். 1834-இல் லைப்சிக்கில் இசைக்கென்று ஒரு பத்திரிகையையே தொடங்கி நடத்தினார்.

அதில் எழுதும்போது இரண்டு கற்பனை நண்பர்களைக் கொண்டுவருவார். ஃப்ளோரெஸ்டான் துடிப்பானவன், கோபக்காரன். யூசிபியஸ் அமைதியானவன், கனவு காண்பவன். இருவரும் அவரே. குழந்தைகளுக்கு இது மிக எளிதாகப் புரியும். "இது ஃப்ளோரெஸ்டானா, யூசிபியஸா?" என்று ஒவ்வொரு பாடலுக்கும் கேட்டுப் பாருங்கள். வகுப்புக்கு வரும்போதே "இன்னிக்கு நான் ஃப்ளோரெஸ்டான்" என்று சொல்லிக்கொண்டு வருகிற ஒரு பெண் என்னிடம் இருக்கிறாள், அன்றைக்கு ஸ்கேல் பயிற்சி எல்லாம் பறக்கும்.

என் பையன் ஓரிடத்தில் உட்காரவே மாட்டான். எப்படிக் கேட்கவைப்பது?

உட்காரவைக்காதீர்கள். 'படைவீரர் நடை' (ஆல்பத்தில் இரண்டாவது) போட்டு நடக்கச் சொல்லுங்கள், 'ஓடிப்பிடித்து' போட்டு ஓடச் சொல்லுங்கள், இசை நிற்கும்போது அவனும் நிற்கவேண்டும். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரே பாடல், இரண்டு முறை. ஒரு வாரம் அதே பாடல். புதிது புதிதாகக் கேட்டுக்கொண்டிருப்பது பெரியவர்களின் ஆசை, குழந்தைக்குத் தெரிந்த கதையை நூறாவது முறை கேட்பதில்தான் சுகம்.

வீட்டில் பியானோ இல்லை, கீபோர்டுதான் இருக்கிறது. போதுமா?

கேட்க ஒன்றுமே வேண்டாம், போன் போதும், ஆனால் போனின் சின்ன ஸ்பீக்கரில் இடது கை காணாமல் போய்விடும் என்பதால் வேறு ஒரு ஸ்பீக்கரோடு இணைத்துப் போடுங்கள். வாசிப்பதற்கு, விரலின் அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறைகிற கீபோர்டு கட்டாயம். எப்படித் தட்டினாலும் ஒரே சத்தம் வருகிற கீபோர்டில் ஷூமானைப் பழகினால், அவர் கேட்பதில் பாதியைக் குழந்தையால் செய்யவே முடியாது. ஆல்பத்தின் முதல் சில பாடல்களுக்குப் பெடல் இல்லாமலும் சமாளிக்கலாம்.

வாசிக்க எப்போது தொடங்கலாம்? எந்த வரிசையில்?

இரண்டு கையையும் சேர்த்து எளிய பாடல்களை வாசிக்கத் தெரிந்தபின். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடப் பயிற்சி. ஷூமானே ஆல்பத்தை இரண்டு பகுதியாகப் பிரித்தார்: முதல் 18 சின்னப் பிள்ளைகளுக்கு, 19 முதல் வளர்ந்தவர்களுக்கு. ஆனால் எண் வரிசைப்படிதான் போகவேண்டும் என்று அவசியமில்லை. முதல் பாடலான 'மெலடி' பார்ப்பதற்கு மிக எளிது, அதில் இடது கை ஒரு சத்தமும் தூக்கலாகத் தெரியாமல் கீழே ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், அது ஆரம்பப் பிள்ளைக்குக் கஷ்டம். நான் 'படைவீரர் நடை'யில் தொடங்கி, 'முரட்டுக் குதிரைக்காரன்', அப்புறம் பத்தாவதான 'மகிழ்ச்சியான உழவர்', அதன் பின்னால் 'மெலடி' என்று போகிறேன்.

'உழவர்' பாடலில் மெட்டு முழுக்க இடது கையில் தொடங்குகிறது, வலது கை கூடவே தட்டிக்கொண்டிருக்கும். வேலை முடித்து வீட்டுக்குப் போகிற ஒரு ஆள் கனத்த குரலில் பாடுவதுபோல. வலது கையே எப்போதும் ராஜா என்று பழகியிருக்கும் பிள்ளை இங்கே முதல்முறையாக அதை அடக்கிப் பழகும். பதினாறாவதான 'முதல் இழப்பு' சோகமான பாடல், முடிவை நெருங்கும்போது அடக்க முடியாமல் சில பலத்த கார்டுகள் வெடித்து வரும். அதை வாசிக்கக் கொடுக்கும்போது நான் எதுவும் விளக்குவதில்லை. பென்சில் தொலைந்த பிள்ளைக்கும் தாத்தா இறந்துபோன பிள்ளைக்கும் அந்தத் தலைப்பு போதுமானது.

கிரேடு தேர்வுப் பட்டியல்களிலும் இவை அடிக்கடி வரும். வந்தால் நல்லதுதான். ஆனால் தேர்வுக்கென்று ஒரே பாடலை ஒன்பது மாதம் தேய்த்துவிட்டு, அந்தக் குழந்தை பிறகு அதைக் கேட்டாலே முகம் சுளிப்பதையும் பார்த்திருக்கிறேன், மனசு வலித்தது. ஷூமான் இளம் இசைஞர்களுக்கென்று சில விதிகளை எழுதி, 1851-இல் ஆல்பத்தின் இரண்டாம் பதிப்போடு சேர்த்தார். கஷ்டமான பாடலைச் சுமாராக வாசிப்பதைவிட எளிய பாடலை நன்றாகவும் அழகாகவும் வாசிக்கப் பழகு என்பது அதில் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாகக் காதைப் பழக்கு, மணியோசை, ஜன்னல் கண்ணாடி, குயில் இவையெல்லாம் என்ன சுருதியில் ஒலிக்கின்றன என்று கண்டுபிடி என்பது இன்னொன்று. இதை நான் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமாகவே கொடுக்கிறேன். குக்கர் விசில் எந்தச் சுருதி என்று கண்டுபிடித்து வந்து சொல்லும் பிள்ளைக்கு அன்றைக்கு வேறு பயிற்சி கேட்க மாட்டேன்.

பாட்டு வகுப்புக்கும் போகிறாள். கர்நாடக சங்கீதம், இது, இரண்டும் சேர்ந்தால் குழம்பாதா?

குழம்பாது. தாளமும் சுருதியும் முன்பே காதில் ஏறியிருக்கும், அது பெரிய பலம். புதிதாகப் பழகவேண்டியது ஒன்றுதான்: ஒரே நேரத்தில் இரண்டு குரல்களைக் கேட்பது. ஆல்பத்தில் 27-ஆவது பாடலில் ஒரு குரல் தொடங்கும், இன்னொரு குரல் அதையே கொஞ்சம் பின்னால் தொடர்ந்து வரும், அண்ணன் பின்னாலேயே தம்பி வருகிற மாதிரி. இரண்டையும் தனித்தனியாகப் பாடிக் காட்டிவிட்டுப் போட்டால் பாட்டு படிக்கும் பிள்ளைகள்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள்.

அவர்களுக்குப் பிடிக்கும் இன்னொரு விளையாட்டும் ஷூமானிடம் இருக்கிறது. மேற்கத்திய இசையில் ஸ்வரங்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்துப் பெயர்கள். அவருடைய முதல் படைப்பு அபெக் என்ற பெயரின் எழுத்துகளையே ஸ்வரங்களாக்கி எழுதியது. ஆல்பத்தில் 41-ஆவது பாடல் அவருடைய டேனிஷ் நண்பர் நீல்ஸ் காடேக்கு வணக்கம் சொல்வது, ஜி, ஏ, டி, இ என்ற நாலு ஸ்வரத்தில் தொடங்கும். நம் சங்கீதத்தில் பாட்டின் சொல்லும் அது விழும் ஸ்வரமும் ஒன்றாகவே அமைந்தால் ஸ்வராட்சரம் என்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவு. மாமா, பாப்பா, தாத்தா, சரி என்று வீட்டுச் சொற்களிலேயே ஸ்வரம் தேடவிட்டால் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

அவருடைய வாழ்க்கைக் கதை சோகமானது என்கிறார்கள். குழந்தையிடம் எவ்வளவு சொல்லலாம்?

கேட்கிற அளவுக்கு, பொய் இல்லாமல்.

சின்னப் பிள்ளைகளுக்கு மரீயின் பிறந்தநாள் கதை போதும். எட்டு ஒன்பது வயதில் கையைப் பற்றிச் சொல்லலாம். பெரிய பியானோ கலைஞராகவேண்டும் என்று சட்டப் படிப்பை விட்டுவிட்டு வந்தவருக்கு இருபது வயதை ஒட்டி வலது கையில் ஒரு விரல் சரியாக இயங்காமல் போயிற்று. விரலை வலுப்படுத்த ஒரு கருவியை மாட்டிக்கொண்டு பழகியிருக்கிறார். அதுதான் காரணமா என்பதில் இன்றும் மருத்துவர்கள் வாதம் செய்கிறார்கள். வலித்தால் நிறுத்து என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இந்தக் கதையோடு சேர்த்துத்தான். மேடைக் கனவு கலைந்த பிறகுதான் அவர் முழுக்க இசை எழுதுவதற்கு வந்தார், முதல் 23 படைப்புகளும் பியானோவுக்கே.

கடைசிக் காலத்தை நான் பத்து வயதுக்குமேல்தான் பேசுகிறேன். அவருக்கு மனநோய் வந்தது. 1854 பிப்ரவரியில் டுசல்டார்ஃப் நகரில் ரைன் ஆற்றில் குதித்தார், காப்பாற்றினார்கள். பான் நகருக்குப் பக்கத்தில் எண்டெனிஹ் மருத்துவமனையில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்து அங்கேயே இறந்தார். கடைசி மகன் ஃபீலிக்ஸ் பிறந்தது அவர் அங்கே போன பிறகு. உடம்பைப் போலவே மனசுக்கும் நோய் வரும், வந்தவர்மேல் தப்பு இல்லை என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க சித்தப்பாவுக்கும் அப்படித்தான்" என்றாள். அன்றைக்கு வகுப்பு முழுக்க நாங்கள் அதைத்தான் பேசினோம், பியானோவைத் திறக்கவில்லை.

கிளாராவைப் பற்றியும் சொல்லவேண்டுமா?

கட்டாயம், அதுவும் அவருடைய மனைவி என்று மட்டும் சொல்லிவிடாமல். கிளாரா ஒன்பது வயதில் லைப்சிக் மேடையில் வாசித்தவர், தன் பதினாறாம் வயதில் சொந்தமாக எழுதிய பியானோ கன்செர்ட்டோவை (இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு) இசையமைப்பாளர் மெண்டல்சோன் குழுவை நடத்த வாசித்தவர். அவருடைய அப்பாதான் ஷூமானின் குரு, அவரே கல்யாணத்தை எதிர்த்தார், இருவரும் நீதிமன்றம்வரை போய் 1840-இல் மணந்துகொண்டார்கள். கணவர் இறந்து 40 வருடம் வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்து, ஊர் ஊராக வாசித்து அவருடைய இசையை உலகத்துக்குக் கேட்கவைத்தவர் அவர். பழைய ஜெர்மன் நூறு மார்க் நோட்டில் இருப்பதும் கிளாராவின் முகம்.

யார் வாசித்ததைக் கேட்கலாம்?

'காட்சிகள்' என்றால் மார்த்தா அர்கெரிச், ராடு லுபு இரண்டு பேருடையதும் அருமை. ஒரே பாடலை இருவர் வாசிப்பிலும் போட்டு எது வேகம், எது தூக்கம் வரவைக்கிறது என்று கேளுங்கள். 'கனவு' பாடலுக்கு மட்டும் விளாதிமிர் ஹொரோவிட்ஸ் 1986-இல் மாஸ்கோவில் வாசித்த வீடியோ. 61 வருடம் கழித்துத் தாய்நாட்டுக்குத் திரும்பிய 82 வயதுக் கிழவர், விரல்களை அசைத்ததே தெரியாமல் வாசிக்கிறார், சபையில் ஒருவர் கன்னத்தில் கண்ணீர். "அந்த மாமா ஏன் அழறாரு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.

கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால்?

சரி என்று சொல்லி நிறுத்துங்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு பாடல்.

கொஞ்சம் பழகிய பிள்ளைகளுக்கு அடுத்து என்ன?

ஆல்பத்தில் 21, 26, 30 ஆகிய மூன்று பாடல்களுக்குத் தலைப்பே கிடையாது. தலைப்பு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று நட்சத்திரம் மட்டும். 43 பாடல்களில் குதிரைக்காரனுக்கும் உழவருக்கும் கதிரறுப்பவர்களுக்கும் பெயர் வைத்தவர் இந்த மூன்றை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டார். என் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கட்டத்தில் 21-ஆவது பாடலைக் கேட்டு, அதன் புத்தகத்தில் அந்த நட்சத்திரங்களுக்குக் கீழே பென்சிலால் ஒரு தலைப்பு எழுதவேண்டும். போன மாதம் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் மூன்று முறை கேட்டு, எழுதி, அழித்து, மறுபடி எழுதினான். 'மழை நின்னப்புறம் மொட்டை மாடி.'